நின்ற இடத்தில் நடந்தவள்

சமாதானபுரத்துக் கடைசிக் கட்டடம் முதன்முதலாக இடம் பெயர்ந்த அன்று காலையில் அதைக் கண்டுபிடித்தவர் பால்காரர்தான். என்றைக்கும் போல வண்டியை நிறுத்தி, என்றைக்கும் போலக் கீழே பார்க்காமலே படியில் கால் வைத்தவர், படி இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் ஒரு முழம் கிழக்கே தள்ளி இருந்ததால் தடுமாறி விழப் பார்த்து, "படியைத் தள்ளி வச்சா ஒரு வார்த்தை சொல்லிட்டு வைக்கக் கூடாதா" என்று பொதுவாகக் குறைபட்டுக்கொண்டு, பால் பாக்கெட்டுகளை வாசல் வாசலாக வைத்துவிட்டுப் போனார். படி மட்டுமா, படியோடு சேர்ந்த சுவரும், சுவரோடு சேர்ந்த ஆறு வீடுகளும், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும், கொடியில் காய்ந்த துணிகளும் ஒரு முழம் கிழக்கே வந்திருந்தன என்பது அடுத்த நாள் இன்னொரு முழம் நகர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கட்டடத்தின் முதல் மாடியில் பபியோலா குடியிருந்தாள். அவள் புருஷன் சிலுவை சரக்குத் தோணிக்குத் தண்டல், அதாவது தோணியை நடத்திக் கொண்டுபோகிற தலைமை மாலுமி. வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவதும், அங்கே இறக்கிவிட்டு வெறுந்தோணியாகத் திரும்புவதும் அவன் பிழைப்பு. புயல் இல்லாத, காற்றும் பிசகாத ஒரு மாசத்தில் அப்படிப் போனவன் அந்தக் கரைக்கும் போய்ச் சேரவில்லை, இந்தக் கரைக்கும் திரும்பவில்லை. அவனோடு போனவர்களின் வீடுகளில் எல்லாம் அழுது முடித்து, பூசை வைத்து, கல்லறைத் தோட்டத்தில் வெறும் குழிக்கு மேல் பேர் வெட்டிய கல்லையும் நட்டுவிட்டார்கள். பபியோலா மட்டும் நடவில்லை. அவனிடம் வீட்டுச் சாவி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆகையால் அவன் வருகிற நேரத்தில் கதவைத் திறக்க ஆள் வேண்டும் என்று, அன்றைக்கு வீட்டுக்குள் உட்கார்ந்தவள் அப்புறம் மகள் கலியாணத்துக்குக் கூடப் படியிறங்கவே இல்லை. வீட்டிலிருந்தபடியே ஜாக்கெட் தைத்தாள். காய்கறிக்குப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் படுக்கையில் கிடக்கிற நோயாளிகளுக்குக் கொண்டுபோவது போல சாமியார் அவளுக்கும் நற்கருணை கொண்டுவந்து கொடுத்தார்.

உட்கார்ந்தே இருந்தால் உடம்பு சும்மா இருக்குமா. சர்க்கரை ஏறியது, முழங்கால் வீங்கியது, மிஷினை மிதித்தால் மூச்சு வாங்கியது. கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் ஷெர்லி வாரம் தவறாமல் போனில் சண்டை போட்டாள்.

"டாக்டர் நடக்கச் சொல்லுதாரும்மா."

"நடந்துக்கிட்டுதான இருக்கேன். அடுப்படிக்கும் பால்கனிக்கும்."

"வெளிய நடக்கணும்."

"நான் வெளிய போனா வீட்ல யாரு இருப்பா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி ஷெர்லி ஓய்ந்து போயிருந்தாள். முன்பு ஒரு தடவை யாரோ வெள்ளைக்காரன் கத்திக் கத்திக் குதிக்கிற வீடியோக்களை அனுப்பி, அம்மா அதில் ஒன்றைப் பாதி பார்த்துவிட்டு, "இவன் யாரை ஏசுதான்?" என்று கேட்டதோடு அது நின்றுபோனது. இப்போது புதிதாக ஒரு தொகுப்பு வந்திருக்கிறது, எல்லாம் தமிழில், எல்லாம் நின்ற இடத்திலேயே நடப்பது, ஹாலில் பாய் விரிக்கிற இடம் இருந்தால் போதும் என்று கேள்விப்பட்டு, பொங்கலுக்கு வந்தபோது கிழக்குச் சுவரில் பெரிய டிவியை மாட்டி, வீடியோக்களை வரிசையாகப் போட்டு, ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று அம்மாவின் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

பபியோலா நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, சன்னல் திரையை இழுத்துவிட்டு, வெறுங்காலோடு பாயில் நின்று முதல் வீடியோவைப் போட்டாள். ஆரஞ்சு பனியன் போட்ட ஒரு பெண் வந்தாள். அப்படி ஒன்றும் ஒல்லி இல்லை, பிள்ளை பெற்ற வயிறு அவளுக்கும் இருந்தது, அதனாலேயே பபியோலாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. "அவசரமே இல்ல, நின்ன இடத்துல மெதுவா காலைத் தூக்கி வைங்க," என்றாள் அந்தப் பெண். "சும்மா நடக்காதீங்க. எங்க போகணும்னு உங்களுக்கு ஆசையோ அங்க போறதா நெனச்சுக்கிட்டு நடங்க."

பபியோலா நினைத்துக்கொண்டாள். இடது, வலது, இடது, வலது, முட்டியை மடக்கி, கையை வீசி, பக்கவாட்டில் இரண்டு எட்டு, திரும்ப இரண்டு எட்டு, குதிகால் முன்னே, குதிகால் பின்னே என்று அவள் நடக்க நடக்க, அத்தனை வருஷம் இடுப்பில் கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று நெகிழ்ந்து, வியர்வை முதுகில் வழிந்து, வாய்க்குள் உப்புக் கரித்தது. முடித்துவிட்டுத் தரையில் மல்லாந்து கிடந்தவளுக்கு மூச்சு வாங்குவதோடு சேர்ந்து, வெகுதூரம் நடந்து வந்தவளுக்கு வருகிற ஒரு களைப்பும் வந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ கீழ்வீட்டுப் பேச்சித்தாய் ஏறி வந்தாள். இறால் கம்பெனியில் தோலுரிக்கிற வேலை அவளுக்கு. பபியோலாவுக்கு மருந்து வாங்குவது, நூல்கண்டு வாங்குவது, ஊர்க்கதை கொண்டுவருவது எல்லாம் அவள்தான்.

"யக்கா, காலைல நீ தொம்மு தொம்முன்னு என்னமோ செய்யும்போது, என் அடுப்புல உலத்தண்ணி மேக்க பாத்துச் சாயுது. நீ நிறுத்துனா அதுவும் நேரா நிக்கி."

"சத்தம் ரொம்பக் கேக்கோ?"

"சத்தத்தைச் சொல்லல. நீ நடந்தா கட்டடம் போகுது, அதைத்தான் சொல்லுதேன்."

பபியோலா பால்கனிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். வாசலுக்கு நேரே நின்ற வேப்பமரம் பின்னால் போயிருந்தது. "எனக்கு சர்க்கரை எறங்கியிருக்கு பேச்சி," என்றாள்.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் குடியிருப்போர் கூட்டம் போட்டார்கள். செயலாளர் ஆதிலிங்கம் அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எது நகர்ந்தாலும் பதறாதவர். கட்டடம் கிழக்கே போவதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் தண்ணீர்க் குழாயும் கரண்டுக் கம்பியும் கூடவே வரவில்லை, அதற்கு என்ன வழி என்பதுதான் கேள்வி என்றார். குழாய்க்கு ரப்பர் ஓஸ் போட்டு நீட்டுவது, கம்பிக்கு லைன்மேனைப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பபியோலாவை நிறுத்தச் சொல்லலாமா என்று மேல்மாடி வீட்டுக்காரர் ஒருத்தர் இழுத்தார். "டாக்டர் நடக்கச் சொன்னவளை நாம எப்படிங்க நிறுத்தச் சொல்ல?" என்று பேச்சித்தாய் கேட்டதும் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அப்படியாக அந்தக் கட்டடம் நாளுக்கு நாள் வேகம் கூடி, தெருவைக் கடந்து, வேலிக்காத்தான் புதரைக் கடந்து, உப்பளத்துக்குள் இறங்கியது. ஒரு பாத்தியை மிதிக்கவில்லை, ஒரு வரப்பை உடைக்கவில்லை, சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு நடக்கிற பெண்பிள்ளை மாதிரிப் பார்த்துப் பார்த்துப் போனது. லைன்மேன் வாரத்துக்கொரு கம்பம் நட்டார். பள்ளிக்கூட வேன்காரர் முதலில் முனகிவிட்டு, பிறகு தூரத்திலிருந்தே கட்டடம் எங்கே தெரிகிறதோ அங்கே வண்டியை விட்டார். இடத்தை அளக்க வந்த அதிகாரி ஒரு வாரம் அளந்தது மறுவாரம் ஒத்துவராததால், நின்ற பிறகு சொல்லி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாடி வீட்டில் பெண்ணுக்கு நிச்சயம் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டாருக்கு, "உப்பளத்துக்குள்ள வாங்க, பச்சைப் பெயின்ட் அடிச்ச கட்டடம், அங்க அது ஒண்ணுதான்" என்று வழி சொன்னார்கள், அவர்களும் கேள்வி கேட்காமல் தாம்பாளத்தோடு வரப்பில் வரிசையாக நடந்து வந்தார்கள்.

உப்பு வாருகிறவர்களுக்குத்தான் அது பெரிய காரியமாக இருந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு மரம் கிடையாது, தலைக்கு மேலே வெயில், காலுக்குக் கீழே வெள்ளை, இதற்கு நடுவில் ஒரு நாள் மூன்று அடுக்கு உயரத்துக்கு நிழல் வந்து விழுந்தால் எப்படி இருக்கும். தூக்குவாளியைத் திறந்து அந்த நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொஞ்ச நாளில் அதில் ஒரு வயசான அம்மாள் பால்கனியை அண்ணாந்து பார்த்து, "தாயீ, நாளைக்கு ஒரு நாள் நடக்காம இரியேன். நெழல் எங்க பாத்தியிலேயே நிக்கட்டும்," என்று கேட்டாள். பபியோலா மறுநாள் நடக்கவில்லை. கூடையில் மோர்ச் சொம்பை வைத்து இறக்கிவிட்டாள்.

மற்றவர்களுக்கும் ஆசை வந்தது. கட்டடத்துப் பெண்கள் காலையில் பபியோலாவின் ஹாலுக்கு வந்து வரிசையாக நின்று கூடவே நடந்தார்கள், இடுப்பு வலி போனது, தூக்கம் வந்தது, ஆனால் கட்டடம் அதனால் ஒரு விரற்கடை கூட அதிகம் போகவில்லை. ஆதிலிங்கம் அண்ணாச்சி தன் வீட்டு டிவியைத் தெற்குச் சுவருக்கு மாற்றி, திருச்செந்தூரில் இருக்கிற தம்பியை நினைத்துக்கொண்டு ஒரு வாரம் வேர்க்க விறுவிறுக்க நடந்து பார்த்தார். ஒன்றும் அசையவில்லை.

"உங்களுக்குத் தம்பி வீட்டுக்குப் பஸ்சு இருக்குல்லா அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய். "அந்தக்கா போற எடத்துக்குப் பஸ்சு கெடையாதே."

அதற்குப் பிறகு அண்ணாச்சி டிவியைப் பழைய இடத்திலேயே மாட்டிக்கொண்டார்.

கட்டடம் கடலை நெருங்க நெருங்க பபியோலாவுக்குத் தூக்கத்தில் கூட அலைச்சத்தம் கேட்டது. உடம்பு இளைத்தது. பழைய ஜாக்கெட்டுகளைப் பிடித்துத் தைத்தாள். ஆரஞ்சுப் பெண் கஷ்டமான நடைகளைச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தாள், காலை வீசி உதைப்பது, கையைத் தலைக்கு மேலே தட்டுவது; அவள் "விடாதீங்க, கிட்ட வந்துட்டோம்" என்று சொல்லும்போதெல்லாம் பபியோலா முட்டியை இன்னும் உயரத் தூக்கினாள். அந்தப் பெண் யாரையோ பார்த்துப் பொதுவாகச் சொல்கிறாள் என்று தெரியும். தெரிந்தும் தினமும் அந்த வார்த்தைக்காகவே வீடியோவைப் போட்டாள்.

சிலுவையின் தம்பி மிக்கேல் அந்தச் சமயத்தில்தான் வந்தான். வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவன். வரப்பு வழியாக நடந்து வந்து, காலில் அப்பிய உப்பைப் படியில் தட்டிவிட்டு, அண்ணன் படத்தைப் பார்க்காத பக்கமாக நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

"மதினி, ஏழு வருஷம் ஆயிட்டு. இனிமே நாமளும் ஒரு பூசை வச்சிரணும். ஷெர்லியும் அதைத்தான் சொல்லுதா."

"உங்க அண்ணன் செத்துட்டாகன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"பின்ன?"

"ஏழு வருஷமா யாரும் ஒண்ணும் சொல்லலியே மதினி. அதுதான்."

அவள் தேத்தண்ணி போட எழுந்தாள். மிக்கேல் அவள் முதுகைப் பார்த்தபடியே சொன்னான். "தெனமும் நான் கடலுக்குப் போறேன். போகும்போதெல்லாம் அண்ணன் கெடக்காத எடமாப் பாத்து வலை போடணும்னு நெனச்சுக்குவேன். கடல்ல அப்படி ஒரு எடம் எங்க இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும் ஒரு கல்லு வேணும் மதினி, போய் நிக்கதுக்கு."

பபியோலா தேத்தண்ணியை ஆற்றிக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் போன பிறகு அவன் குடித்த தம்ளரைக் கழுவாமல் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

வைகாசியில் கட்டடம் கரைக்கு வந்தது. ஈரமணலில் முன்வாசல் நின்றது, ஏற்றத்தில் அலை வந்து கடைசிப் படியை நக்கிவிட்டுப் போனது. பால்கனியிலிருந்து பார்த்தால் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. தொகுப்பில் ஒரே ஒரு வீடியோ மிச்சம் இருந்தது. பபியோலா தினமும் பாயை விரித்தாள், ரிமோட்டைக் கையில் எடுத்தாள், பொத்தானை அழுத்தாமல் வைத்துவிட்டாள். கீழ்வீட்டில் பேச்சித்தாயின் மகள் பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தாள். மாடியில் ஆதிலிங்கம் அண்ணாச்சியின் மனைவிக்கு எழுந்து நடக்க முடியாது. இத்தனை பேர் வீட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் இறங்க அவளுக்குக் கால் வரவில்லை. இறங்காமல் இருக்கவும் முடியவில்லை. சோறு இறங்காமல், மிஷினில் உட்காராமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

யாரும் வந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் விடிந்ததிலிருந்து கட்டடத்துக்குள் கட்டில் இழுக்கிற சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டபடி இருந்தது. பபியோலா எட்டிப் பார்த்தபோது மணல்மேட்டில் கட்டில்களும், பீரோக்களும், கிரைண்டர்களும், முருகன் படமும், பிள்ளைகளின் சைக்கிள்களும் வரிசையாக நின்றன. ஆதிலிங்கம் அண்ணாச்சியின் மனைவியை உப்பளத்து ஆட்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். பேச்சித்தாய் மேலே வந்தாள்.

"எல்லாம் எறக்கியாச்சுக்கா. மகளைத் தங்கச்சி வீட்டுல விட்டாச்சு. நீ நடக்கணும்னா நட."

"நான் கேக்கலியே பேச்சி."

"நீ கேக்க மாட்டேன்னு தெரியும். அதான் நாங்களே எறக்குனோம்."

"கட்டடம் திரும்பாமப் போயிட்டா?"

"கட்டடந்தான. எங்கயாவது ஒண்டிக்கலாம்." பேச்சித்தாய் வாசல் வரை போய்த் திரும்பினாள். "நீ திரும்பி வந்துரணும்க்கா. அதை மட்டும் பாத்துக்க."

ஆளில்லாத கட்டடத்தில் பபியோலா தலையை வாரி முடிந்தாள். நைட்டியை மாற்றிச் சேலை கட்டிக்கொண்டாள், கடைசி வீடியோவைப் போட்டாள். இடது, வலது, இடது, வலது. முதல் எட்டில் கட்டடம் ஈரமணலை விட்டது. முட்டியைத் தூக்கியபோது கீழ்வீட்டு வாசலில் தண்ணீர் நுழைந்து அடுப்பு மேடையைத் தேடிப் போனது. கையை வீசியபோது சின்னமீன்கள் மாடிப்படியில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திரிந்தன. சன்னலில் கரை சின்னதாகி, கட்டில்களும் ஆட்களும் புள்ளிகளாகி, பிறகு எந்தச் சன்னலிலும் கரை தெரியவில்லை. ஆரஞ்சுப் பெண் இன்றைக்குக் குறைவாகத்தான் பேசினாள். "போதும், இனி மெதுவா மூச்சை விடுங்க," என்று சொல்லிக் கையைக் கூப்பினாள், டிவி கறுத்துப்போனது, கட்டடம் நின்றது.

அப்போது கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

அவசரமில்லாத தட்டல், வீட்டு ஆள் தட்டுகிற தட்டல். பபியோலா வியர்த்த முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். வாசலில் கடல் நின்றது. மேல்படி வரை ஏறி வந்து, கதவு திறக்கட்டும் என்று நிலைக்கு வெளியிலேயே நின்றது.

"வந்துட்டியளா," என்றாள் அவள்.

விலகி வழிவிட்டாள். கணுக்கால் ஆழத்துக்கு, பிந்தி எழுந்தவனின் போர்வைக்குள் இருக்குமே அந்தச் சூட்டோடு, தண்ணீர் உள்ளே வந்தது. ஹாலைச் சுற்றிப் பார்த்தது. புது டிவியின் கீழே கொஞ்சம் தயங்கியது. அடுப்படிக்குப் போய்த் திரும்பியது. படுக்கையறையில் சன்னலோரமாக, அவன் எப்போதும் படுக்கிற பக்கத்தில் போய்க் கிடந்தது. பபியோலா கூடவே போய், கட்டிலில் அமர்ந்து, காலைத் தொங்கப் போட்டுக்கொண்டாள். ஷெர்லிக்குக் கலியாணம் முடிந்ததைச் சொன்னாள். பேரனுக்குச் சிலுவையின் அப்பா பெயரையே வைத்திருப்பதைச் சொன்னாள். மிக்கேல் புது வள்ளம் வாங்கியதையும், அவன் சரியாகத் தூங்குவதில்லை என்பதையும் சொன்னாள். தனக்குச் சர்க்கரை வந்தது, இப்போது குறைந்திருப்பது, பேச்சித்தாய் என்று ஒருத்தி கீழ்வீட்டில் இருப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க வருவியன்னுதான் இங்கயே இருந்தேன். அப்புறம் நானே வந்துட்டேன்," என்றாள். தண்ணீர் அவள் முழங்காலின் வீங்கிய இடத்தை ஒருமுறை தொட்டுவிட்டு இறங்கியது. அவள் எவ்வளவு நேரம் பேசினாள் என்று பிறகு யார் கேட்டும் அவளால் சொல்ல முடியவில்லை.

வெயில் ஏறியபோது தண்ணீர் மெதுவாகக் கதவுப் பக்கம் திரும்பியது. அவளும் எழுந்து வாசல் வரை வந்தாள். அவன் தோணி ஏறப் புறப்பட்ட ஒவ்வொரு முறையும் அவள் சொல்லி அனுப்பியது, ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதுதான், போயிட்டு வாங்க என்பது. அந்த வார்த்தை இப்போதும் நாக்கு நுனி வரை வந்தது. பபியோலா நிலையைப் பிடித்துக்கொண்டு, அதை விழுங்கினாள்.

"சரி," என்றாள். "போங்க."

கடல் படிப்படியாக இறங்கிப் போனது. கரையேறப் போகிற கட்டுமரம் போலக் கட்டடம் ஒருமுறை ஆடி, அலையோடு அலையாகப் பின்வாங்கி, சாயங்காலத்துக்குள் கரையில் வந்து உட்கார்ந்தது, அதோடு அசைவதை நிறுத்திவிட்டது. மணல்மேட்டில் அடுப்பு மூட்டியிருந்த ஜனங்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பபியோலா கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள், கடைசிப் படியில் நின்றாள், பிறகு மணலில் கால் வைத்தாள். பேச்சித்தாய் ஓடிவரவில்லை. இலையில் சோற்றைப் போட்டு, பக்கத்தில் தண்ணீரை வைத்துவிட்டு, "உக்காருக்கா," என்றாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு பபியோலா அவளுடைய போனை வாங்கி மிக்கேலைக் கூப்பிட்டு, "பூசைக்குச் சொல்லிரு. கல்லும் பாரு," என்றாள். அந்தப் பக்கம் அவன் அழுவது இந்தப் பக்கம் எல்லாருக்கும் கேட்டது.

பூசைக்கு அவள் உப்பளத்து வரப்பு வழியாக நடந்தே கோயிலுக்குப் போனாள், கூடவே கட்டடத்தில் நடக்க முடிந்தவர்கள் அத்தனை பேரும் போனார்கள். ஓரிடத்தில் நின்றுவிட்ட கட்டடத்தை அதிகாரி வந்து அளந்துகொண்டார், லைன்மேன் கடைசிக் கம்பத்தை நட்டார், எல்லாரும் சாமான்களை உள்ளே ஏற்றினார்கள். பபியோலா தன் ஹாலை மட்டும் கழுவவில்லை. தரையில் காய்ந்த உப்பு, கால் பட்டுப் பட்டுத் தேயும்வரை வெள்ளையாகக் கிடந்தது. அந்த உப்பின்மேல் பாய் விரித்து நடக்க அவளுக்கு மனசு வரவில்லை, ஆகையால் காலையில் பேச்சித்தாயை எழுப்பிக்கொண்டு கடலோரமாகவே நடந்தாள்.

வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து எத்தனையோ காலமானதால் முதல் நாட்களில் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பேச்சித்தாய் கையில் செருப்பைத் தூக்கிக்கொண்டு, இறால் கம்பெனிக் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பபியோலா கேட்டாள், கேட்டுக்கொண்டே தண்ணீரை ஒரு கண்ணால் பார்த்தாள், அலை நீண்டு வந்த இடங்களில் விலகாமல் காலை அதிலேயே வைத்து நடந்தாள். கட்டடம் வெகுதூரம் பின்னால் போய்விட்டது.

"வெயில் வந்துட்டு, திரும்புவோமாக்கா?" என்று பேச்சித்தாய் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் போவோம்," என்றாள் பபியோலா.